ஆறவிட்டுச் சூடாகப் பரிமாறவும்

“வீட்டிலேயே ஈஸி லசான்யா: 25 டிப்ஸ்” என்று மறுபடியும் ஓர் இணைப்புப் புத்தகம் வந்திருக்கிறது. வழவழப்பான அட்டை, அட்டையில் விறைப்பாக நிற்கும் ஒரு துண்டு, அதன் உச்சந்தலையில் ஒரு பேசில் இலை. நீங்களும் அதைப் பத்திரப்படுத்தியிருப்பீர்கள், முந்தைய இணைப்புகள் குடியிருக்கும் அதே அலமாரித் தட்டில், செய்யப்போவதில்லை என்ற முழு நிச்சயத்தோடு. அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. டிப்ஸ் சேர்ப்பதும் சமைப்பதும் தனித்தனிப் பொழுதுபோக்குகள். முதலாவதில் பாத்திரம் கழுவுகிற வேலை இல்லை என்பதால் அதுவே மேலானது என்றுகூட வாதாடுவேன். என் வயிற்றெரிச்சலெல்லாம் 23ஆம் குறிப்பும் 24ஆம் குறிப்பும் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதில்தான். 23: “ஓவனிலிருந்து எடுத்ததும் 15 நிமிடம் ஆறவிடவும்.” 24: “சூடாகப் பரிமாறவும்.” எழுதியவர் இரண்டுக்கும் நடுவே ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்க வேண்டும்.

என் கட்சி இதுதான். லசான்யாவுக்காக உலகம் எழுதிக் குவித்திருக்கும் குறிப்புகள் அத்தனையையும் சேர்த்துப் பிழிந்தால் தேறுவது இரண்டே சங்கதி. ஒன்று, தண்ணீரை வெளியேற்று. இரண்டு, காத்திரு. முதலாவதை இருபது குறிப்பாக இழுத்து நீட்டுகிறார்கள். இரண்டாவதைக் கடைசிப் பக்கத்தில், பேசில் இலைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். மொத்தம் எத்தனை அடுக்கு வைக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அதற்கும் என்னிடம் தீர்மானமான பதில் இருக்கிறது, முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

இணைப்பின்படி ஆயத்த நேரம் 15 நிமிடம், சமைக்கும் நேரம் 30 நிமிடம். இந்த 45 நிமிடத்தை போலோன்யா நகரத்தில் போய்ச் சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டை அரசு ஆவணமாகப் பாவிக்கும் ஊர் அது. இத்தாலியச் சமையல் அகாதெமி 1972இல் தாலியத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தாவின் அகலத்தை அவ்வூர் வர்த்தக சபையில் பதிவு செய்தது: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அதாவது அங்குள்ள அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. சந்தேகம் வந்தால் சரிபார்க்கத் தங்கத்தில் ஒரு மாதிரியும் உண்டு. 1982இல் ரகூ எனப்படும் இறைச்சிக் குழம்பைப் பதிவு செய்தார்கள், 2003இல் பச்சை லசான்யாவை. 2023இல் ரகூவின் செய்முறையைத் திருத்தி வெளியிட்டபோது பூண்டு, ரோஸ்மேரி, கெட்டியாக்க மாவு இவையெல்லாம் கூடாது என்று ஒரு விலக்கப்பட்டோர் பட்டியலையும் சேர்த்தார்கள். அந்த ரகூ மட்டுமே சிறுதீயில் 2 மணி நேரம் கொதிக்க வேண்டும், முடிந்தால் 3 மணி. அதற்கப்புறம் கீரையை வேகவைத்துப் பிழிந்து, அரைத்து, மாவிலும் முட்டையிலும் சேர்த்துப் பிசைந்து, மாவை அரை மணி நேரம் மூடிவைத்து, மெல்லிசாகத் தேய்த்து, வெட்டி, கொதிநீரில் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, துணியில் பரப்பி ஈரம் போக்க வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு வெண்ணெயும் மைதாவும் நூறு நூறு கிராம் வீதம் போட்டுக் கட்டி தட்டாமல் பெஷமெல் கிளற வேண்டும். அப்புறம்தான் அடுக்குவதே ஆரம்பம். ஓவனில் அது இருக்கப்போகிற அரை மணியை மட்டும் கணக்கில் எழுதுவது, கல்யாணச் செலவுக் கணக்கில் தாம்பூலப் பையை மட்டும் எழுதுவதற்குச் சமம்.

அது போலோன்யாக்காரர்களின் வீம்பு, நமக்கெதற்கு என்பீர்கள். சரி, தெற்கே நேப்பிள்ஸுக்கு வாருங்கள். அங்கே பெஷமெல் இல்லை, கீரை இல்லை, ஓரம் சுருண்ட காய்ந்த பாஸ்தாத் தகடுகளே போதும். பாதி வேலை மிச்சம் என்று மூச்சு விடுவதற்குள், நோன்புக் காலத்துக்கு முந்தைய கார்னிவல் நாளுக்கென்று அவர்கள் செய்யும் லசான்யாவில் என்னென்ன போகிறது என்று கேளுங்கள்: ரிகோட்டா, உருகும் சீஸ், அவித்த முட்டை, பன்றி இறைச்சி போட்டு மணிக்கணக்கில் காய்ச்சிய தக்காளி ரகூ, இவற்றோடு சுண்டைக்காய் அளவுக்கு உருட்டித் தனியாகப் பொரித்த இறைச்சி உருண்டைகள். அந்த உருண்டைகளை ஒரு குடும்பத்துக்குப் போதுமான எண்ணிக்கையில் உருட்டி முடித்தவருக்கு “ஈஸி” என்ற சொல்லைப் படித்துக் காட்டுகிற துணிச்சல் எனக்கில்லை. கிழக்குக் கரையில் மார்க்கே பகுதிக்குப் போனால் அதன் பெயர் வின்சிஸ்கிராஸி. 1799இல் அங்கே படையோடு வந்த ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸுக்காகச் செய்ததால் வந்த பெயர் என்று ஊர் முழுக்கக் கதை சொல்வார்கள். ஆனால் அந்தோனியோ நெபியா என்ற சமையல்காரர் 1779இல் வெளியிட்ட புத்தகத்திலேயே கிட்டத்தட்ட அதே பெயரில் செய்முறை இருக்கிறது. தளபதி வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே தட்டு தயார். ஆங்கிலேயர்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் அரண்மனைச் சமையல் சுவடியில் பாஸ்தாவையும் சீஸையும் மாற்றி மாற்றி அடுக்குகிற பண்டம் ஒன்று இருப்பதைக் காட்டி, லசான்யா எங்களுடையதே என்று 2003இல் ஒரு கோஷ்டி கிளம்பியது. லண்டனிலிருந்த இத்தாலியத் தூதரகம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பெயருக்கு, பிறப்புக்கு, பூண்டுக்கு என்று ஓயாமல் சண்டை நடக்கிறது. ஆனால் எந்தக் கட்சிக்காரரும் இது சீக்கிரம் ஆகிற வேலை என்று சொன்னதில்லை. அதைச் சொன்னது இணைப்புப் புத்தகம் மட்டுமே.

இனி தண்ணீர். 1 முதல் 20 வரையான குறிப்புகளை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ரிகோட்டாவைத் துணியில் கட்டித் தொங்கவிடவும். கீரையைப் பிழியவும். காளானைத் தனியாக வதக்கி நீர் வற்றவிடவும். கத்தரிக்காய்க்கு உப்பிட்டு வைக்கவும். ஈரமான மொசரெல்லாவைத் தவிர்க்கவும். தக்காளி சாஸைச் சுண்டவைக்கவும். எல்லாம் ஒரே குறிப்பு, வேஷம்தான் வேறு வேறு. ட்ரேயில் மூடி வேகும்போது உள்ளே விடுகிற நீருக்குப் போக்கிடம் கிடையாது. அது அடியில் தேங்கும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், வெட்டினால் மாடி வீடு தரைத்தளமாகும். இவ்வளவும் நியாயம். ஆனால் நடுவே 11ஆம் குறிப்பு வந்து “சாஸ் தாராளமாக, தளர்வாக இருக்கட்டும்” என்கிறது. 10 வரை பிழிந்து வந்தவர் இங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். விஷயம் என்னவென்றால் 11ஆம் குறிப்பு வேகவைக்காமலே அடுக்குகிற வகைத் தகடுகளுக்கானது. அவை வேகத் தேவையான தண்ணீரைச் சாஸிலிருந்துதான் குடிக்க வேண்டும், கெட்டிச் சாஸ் போட்டால் நடுவில் அட்டைபோலக் கடிபடும். முன்பே வேகவைத்த தகடு என்றால் கெட்டிச் சாஸ், வேகாத தகடு என்றால் தளர்ந்த சாஸ். இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் பத்துக் குறிப்பு மிச்சமாகியிருக்கும். ஆனால் அப்புறம் 25 எப்படி வரும்? பன்னீர் போடலாமா என்று கேட்கிறவர்களை இத்தாலியப் பக்தர்கள் முறைப்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ரிகோட்டா சீஸ் வடித்த தண்ணீரைக் காய்ச்சி எடுப்பது, பன்னீர் பாலைத் திரித்து எடுப்பது. ருசி வேறுதான், ஆனால் அழுத்தி வடித்த பன்னீர் தண்ணீர் விட்டு ஊரைக் கெடுக்காது. உதிர்த்துப் பாலில் குழைத்துப் போட்டால் போதும். குக்கரில் லசான்யா, தோசைக்கல்லில் லசான்யா என்று எழுதுகிறவர்களைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

அந்த 15 நிமிடத்துக்கு வருகிறேன். ஓவனிலிருந்து வரும்போது லசான்யா ஒரு திரவம், மேலே மட்டும் பொன்னிறத் தோல். பெஷமெல்லில் உள்ள மைதா மாவுச்சத்தும் தகடுகள் விட்ட மாவுச்சத்தும் கொதிநிலையில் இளகித்தான் கிடக்கும், சூடு இறங்க இறங்கத்தான் இறுகும். உருகிய சீஸும் அப்படியே. ஆகவே ஆறவிடு என்பது ஓவன் செய்யாமல் விட்ட பாதிச் சமையல். சமையலில் பாதியை 23ஆம் இடத்தில் வைத்ததைவிட எனக்குக் கோபம் அந்த எண்ணின் மேல். எதற்கு 15? எந்த ட்ரேக்கு? நீள அகலம் இங்கே பெரிய விஷயமில்லை, கனம்தான் விஷயம். உள்ளேயிருக்கும் சூடு வெளியே வர எடுக்கும் நேரம் கனத்தின் வர்க்கத்தைத் தொட்டுப் போகும்: இரண்டு மடங்கு கனம் என்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். 2012 ஜூனில், யூரோ கால்பந்துப் போட்டி நடந்த சமயத்தில், போலந்தின் வியெலிச்கா ஊரில் 4,865 கிலோ எடையில் ஒரு லசான்யா செய்து உலக சாதனை என்றார்கள். அந்த எடையைக் கேட்டு மலைக்கிறவர்கள் யாரும், அது எத்தனை சென்டிமீட்டர் உயரம், வெட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆறவிட்டார்கள் என்று கேட்பதில்லை. சாதனைப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை. என்னைப்போன்ற ஒரு சிடுமூஞ்சியை அங்கே நடுவராக வைத்திருந்தால், கத்தியை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டுதான் எடையே போடவிட்டிருப்பேன்.

அந்த 15 நிமிடத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை எந்தக் குறிப்பும் எழுதுவதில்லை. முதல் இரண்டு நிமிடம் மரியாதையாகப் போகும். மூன்றாம் நிமிடத்தில் ஒருவர் அடுப்படிக்கு வந்து தண்ணீர் குடிப்பார். தாகம் இருக்காது. நான்காம் நிமிடத்தில் இன்னொருவர், இது ஆறிக்கொண்டிருக்கிறதே என்று கவலை தெரிவிப்பார், அதற்காகத்தானே வைத்திருக்கிறது என்ற பதில் அவர் காதில் ஏறாது. ஆறாம் நிமிடத்தில் ஓரத்தில் ஒட்டிய கருகின சீஸைச் சுரண்டும் சத்தம் கேட்கும். யார் என்று கேட்டால் யாருமில்லை. எட்டாம் நிமிடத்தில் “சும்மா ஓரத்தில் ஒரே ஒரு துண்டு” என்ற சமரசத் திட்டம் முன்வைக்கப்படும், அதுவும் குழந்தைக்குப் பசிக்கிறது என்ற பெயரில். அந்தக் குழந்தைக்கு வயது முப்பத்தைந்தாக இருக்கும். ஓரத்தில் ஒரு துண்டு எடுப்பது அணையில் ஒரு செங்கல்லை மட்டும் உருவிக்கொள்வதாகும் என்பதைப் பொறுமையாக விளக்க ஒன்பதாம் நிமிடம் செலவாகும். பத்தாம் நிமிடத்தில் அறிவியல் பேசுவார்கள்: வெளிநாட்டில் வேண்டுமானால் 15 தேவைப்படலாம், நம் ஊர் வெயிலுக்கு... இல்லை, நம் ஊர் வெயிலுக்கு இன்னும் அதிகம் தேவை, அறைச் சூடு கூடினால் ஆறுவது தாமதமாகும் என்று சொல்வதற்குள் பன்னிரண்டாம் நிமிடம். அந்நேரம் பார்த்துப் புத்தகத்தை எடுத்து ஒருவர் 24ஆம் குறிப்பைச் சத்தமாக வாசிப்பார்: “சூடாகப் பரிமாறவும்.” முடிந்தது கதை. அச்சிட்ட எழுத்துக்கு முன் ஸ்டார்ச் எங்கே நிற்கும்? கத்தி இறங்கும், பெஷமெல் நாலாபுறமும் ஓடும், தட்டில் விழுந்ததைக் கரண்டியால் தின்றுவிட்டு, ருசி நன்றாகத்தான் இருக்கிறது, வடிவம்தான் வரவில்லை, சமைத்தவருக்கு இன்னும் கை பழகவில்லை என்று தீர்ப்பெழுதுவார்கள். அட்டைப்படத்துத் துண்டை எடுத்து வந்து ஒப்பிடுகிற ஆளும் உண்டு. நேற்றுச் செய்து ஃபிரிட்ஜில் வைத்ததைச் சில்லென்றிருக்கும்போது வெட்டினால்தான் அப்படி விறைத்து நிற்கும் என்று படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆறினால் சாப்பிட முடியுமா என்று கேட்பது நியாயமான ஆட்சேபம், ஆனால் அதில் சத்து இல்லை. சாஸும் சீஸும் தகடும் நெருக்கமாகக் கட்டிய கனத்த பண்டம் சூட்டை எளிதில் விட்டுக்கொடுக்காது. கால் மணி நேரம் கழித்தும் நடுத்துண்டு நாக்கைச் சுடும் அளவுக்குத்தான் இருக்கும். அதாவது 23ஐ மதித்தவருக்கு 24 தானாக நிறைவேறும். இரண்டும் முரண்படவில்லை என்பதை நானே நிரூபித்துவிட்டேன் போலிருக்கிறது. இருந்தாலும் அதை எழுதியவர் இதை யோசித்து எழுதவில்லை என்ற என் புகார் அப்படியே நிற்கிறது. அடுக்கு எண்ணிக்கைக்கும் கனத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடலாம், ஆனால் ஃப்ரீசர் காத்திருக்கிறது.

லசான்யா மறுநாள்தான் ருசி என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. இரவு முழுக்க மாவுச்சத்து இறுகி, மசாலாவும் கொழுப்பும் ஒன்றோடொன்று கலந்து, வெட்டினால் சொன்ன சொல் கேட்கும். அப்படியானால் முதல் குறிப்பாக “விருந்துக்கு முந்தின நாளே செய்யவும்” என்று போட வேண்டியதுதானே? போட்டால் 45 நிமிடக் கணக்கு நாறிவிடும். பாதுகாப்பு விதிகள் எளிமையானவை: சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், 3 அல்லது 4 நாளில் தீர்க்க வேண்டும், ஃப்ரீசரில் 2 அல்லது 3 மாதம் ருசி தாங்கும், திரும்பச் சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும்போது நடு ஐஸாக இருக்கும் என்பதால் துண்டு போட்டே உறையவைப்பது நல்லது. இதற்கு மேல் பயமுறுத்துவது அநியாயம். லசான்யாமீது ஏற்கெனவே தேவைக்கு அதிகமாகப் பழி விழுந்திருக்கிறது. 2006 மே 7ஆம் தேதி, இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் கடைசி நாளில், டாட்டன்ஹாம் அணியின் ஆட்டக்காரர்கள் பலர் வயிற்றுக் கோளாறில் சுருண்டு, வெஸ்ட் ஹாமிடம் 2க்கு 1 என்று தோற்று, நான்காம் இடத்தைப் பக்கத்து எதிரியான ஆர்சனலிடம் பறிகொடுத்தார்கள். முந்தின இரவு விடுதியில் சாப்பிட்ட லசான்யாதான் காரணம் என்று ஊரே முடிவு கட்டியது. பரிசோதனையில் கிடைத்தது நோரோவைரஸ், உணவில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. இன்றுவரை அந்த நாளுக்கு லசான்யாவின் பெயர்தான், வைரஸின் பெயர் யாருக்கும் நினைவில்லை. 2013இல் பிரிட்டனில் உறைந்த மாட்டிறைச்சி லசான்யா என்று விற்றதற்குள் 60 முதல் 100 சதவீதம் குதிரை இறைச்சி இருந்தது பிடிபட்டபோதும் தலைப்புச் செய்தியில் மாட்டிக்கொண்டது லசான்யாதான். அது உள்ளே இருந்ததை மூடிக்கொண்டிருந்தது, அதன் வேலையே அதுதானே.

மூடுவது என்றதும் அலுமினியம் ஃபாயில். ட்ரேயை ஃபாயிலால் இறுக்கமாக மூடி ஃபிரிட்ஜில் வைக்கவும் என்கிறது 21ஆம் குறிப்பு. ட்ரே இரும்பு அல்லது எஃகு, மேலே அலுமினியம், நடுவே உப்பும் தக்காளிப் புளிப்பும் ஊறிய ஈரச் சாஸ்: இது ஒரு மின்கலத்துக்கு வேண்டிய எல்லாம். ஃபாயில் சாஸைத் தொடும் இடங்களில் அலுமினியம் கரைந்து, மறுநாள் பார்த்தால் பூச்சி அரித்த மாதிரி பொத்தல், அதற்கு நேர்கீழே சீஸில் சாம்பல் நிறப் புள்ளி. உலோக அரிப்பைப் படிக்கிறவர்கள் இதற்கு லசான்யா மின்கலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சமையல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. கண்ணாடி அல்லது பீங்கான் ட்ரே வைத்திருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் நடுவே ஒரு பேக்கிங் காகிதத்தை வைத்து அதன்மேல் ஃபாயிலைப் போடுங்கள்.

பரிமாறுவது பற்றி 25ஆம் குறிப்பு சொல்வது, “பூண்டு பிரெட்டுடன் அருமையாக இருக்கும்.” மைதாத் தகடு, மைதாச் சாஸ், தொட்டுக்கொள்ள மைதா. இத்தாலியில் லசான்யா பந்தியின் முதல் பண்டம், அதற்குப் பிறகு இறைச்சியோ மீனோ வரும், அதனால் துண்டு சிறியது. நாம் அதையே முழுச்சாப்பாடாக்கினோம், போகட்டும், கூடவே ரொட்டியும் எதற்கு? எண்ணெய் தெளித்த பச்சை இலைகள் போதும். கனமான கத்தியால் அடிவரை அழுத்தி வெட்டுங்கள், அறுக்காதீர்கள். 3க்கு 4 என்று பன்னிரண்டு துண்டு போட்டால் மொறுமொறு மூலை நான்கு பேருக்குத்தான் கிடைக்கும், ஓரம் ஆறு பேருக்கு, எந்தப் பக்கமும் கருகாத நடுத்துண்டு இரண்டு பேருக்கு. யார் யாருக்கு எது என்று வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது. முதல் துண்டு மட்டும் எவ்வளவு ஆறவிட்டாலும் முழுசாக எழும்பாது, கரண்டி நுழைய இடமில்லாமல் உடைந்துதான் வரும். எட்டாம் நிமிடத்தில் ஓரத்துண்டு கேட்டவரின் தட்டில் அதை வைத்துவிட்டு இரண்டாவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.